பார்சலில் வந்த அடைமுட்டை: கோழியா, பெட்டியா, மெஷினா?

பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய முட்டையும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்த முட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். வித்தியாசம் ஓட்டுக்கு உள்ளே. நல்ல சேவலோடு திரியும் பெட்டையின் முட்டையைப் புதிதாக அடை வைத்தால் பத்துக்கு எட்டு பொரிப்பது சாதாரணம். அதே முட்டை கூரியரில் வந்தால் பத்துக்கு ஐந்து பொரித்தாலே நல்ல பொரிப்பு. இரண்டோ மூன்றோ மட்டும் பொரிப்பதும் உண்டு.

ஊரில் கிடைக்காத சிறுவிடை, பெருவிடை, கடக்நாத் ஆகிய கோழி ரகங்களுக்காக முட்டை வரவழைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த இன்குபேட்டர் வாங்கலாம்?" என்பதுதான். பார்சல் முட்டையைப் பொறுத்தவரை வேறு இரண்டு கேள்விகளை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். முதல் மூன்று நாள் முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஆட்டாமல் நிறுத்தி வைக்க எதில் வசதி இருக்கிறது? பொரிக்க ஆகும் 21 நாளில், முதல் பதினெட்டு நாளுக்குள் முட்டை சரியான அளவுக்கு எடை குறைய எது விடும்? மெஷினின் விலையும் டிஜிட்டல் திரையும் அப்புறம்.

வழியில் என்ன ஆகிறது

முட்டையின் அகன்ற முனையில் ஓட்டோடு ஒட்டியிருக்கும் இரண்டு சவ்வுகளும் பிரிந்து நிற்கும் இடம்தான் காற்றறை. 19, 20ஆம் நாளில் குஞ்சு அலகால் உள்சவ்வைக் குத்தி முதல் மூச்சை இழுப்பது இந்த அறைக்குள்தான். வண்டி குலுங்கக் குலுங்க உள்சவ்வு ஓட்டிலிருந்து மேலும் பிரிந்துகொண்டே வரும். டார்ச் அடித்து முட்டையை மெல்லச் சாய்த்தால், காற்றறையின் விளிம்பு சாய்த்த பக்கமெல்லாம் வழுகுவது தெரியும். அடி இன்னும் பலமாக இருந்தால் சவ்வே கிழிந்து, காற்று குமிழ்களாக வெள்ளைக்கருவுக்குள் அலையும். மஞ்சள்கருவை நடுவில் பிடித்து வைத்திருக்கும் முறுக்குநார்கள் தளர்ந்துபோய், மஞ்சள்கரு ஓட்டோரம் ஒதுங்குவதும் உண்டு.

அடுத்த சேதம் சூடு. இடும்போதே முட்டைக்குள் இருக்கும் கரு பல்லாயிரம் செல்கள் கொண்டது. ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறங்கும். அதற்கு மேலே போனால் அரைகுறையாக வளரத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட குடோனில் பகல் முழுக்கக் கிடந்து, இரவு வண்டியில் குளிர்ந்து, மறுநாள் மறுபடி சூடேறும் முட்டை வீடு வருவதற்குள் கரு பாதி செத்திருக்கும். டார்ச் அடித்தால் இது தெரியாது. ஏழாம் நாள் பார்க்கும்போது "சேவல் கூடவில்லை, எல்லாம் கூமுட்டை" என்று விற்றவர்மேல் பழி போவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்குபேட்டரைத் தேர்ந்தெடுப்பதைவிட வரும் வழியைத் தேர்ந்தெடுப்பது முக்கியம் என்று சொல்வது இதற்காகவே. கூரியரில் இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். ஒவ்வொரு குடோனிலும் பெட்டி ஒரு முறை ஏறி இறங்கும், சில இடங்களில் தூக்கியே போடுவார்கள். இரவு பஸ் பார்சலில் எட்டு, பத்து மணி நேரம்தான். குளிர்ந்த நேரம், கை மாறுவதும் இரண்டே முறை. விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்க ஆள் இருந்தால் பஸ் பார்சல்தான் எப்போதும் மேல். நேரில் போய், மடியில் வைத்துக் கொண்டுவர முடிந்தால் அதைவிட மேல். கார்த்திகை முதல் மாசி வரை வரவழையுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை கூரியரை நினைக்கவே வேண்டாம்.

விற்பவரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுத வேண்டும், அனுப்பும் நாளில் எதுவும் நான்கு நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டையில் பொரிப்பு நாளுக்கு நாள் குறையும், அந்த ஏழில் பயண நாளும் சேர்த்தி. இரண்டாவது, முட்டைகள் கூர்முனை கீழாக நிற்க வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும், அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து இடைவெளியில் உமியோ மரத்தூளோ அடைத்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை என்பது. எட்டு, பத்துக்கு மேல் போனால் கருக்கூடாத முட்டை கூடும்.

வந்ததும் செய்ய வேண்டியது

கழுவாதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் துளை வழியே கிருமி உள்ளே இறங்கும். அழுக்கு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தட்டி விட்டால் போதும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஏசி அறையில் வைத்துவிட்டு உடனே வெளியே எடுத்தாலும் ஓடு வியர்க்கும், அந்த ஈரமும் கிருமிக்கு வழிதான்.

நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையைச் செல்போன் டார்ச் மேல் வைத்து, இருட்டறையில் ஒவ்வொரு முட்டையின் அகன்ற முனையையும் பாருங்கள். காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் ஓட்டில் கோடிட்டுக் கொள்ளுங்கள். விளிம்பு அசையாத முட்டை ஒரு பக்கம், விளிம்பு வழுகும் முட்டை ஒரு பக்கம், உள்ளே குமிழ் அலையும் முட்டையும் மயிரிழை விரிசல் விட்ட முட்டையும் இன்னொரு பக்கம். மூன்றாவது கூட்டத்தை அடை வைப்பது வீண். விரிசல் முட்டை பத்தாம் நாளுக்கு மேல் அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். முதல் இரண்டு கூட்டத்தையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். எதை எதில் பொரிப்பது என்பதை முடிவு செய்ய இந்தப் பிரிவினை வேண்டும்.

பிறகு அட்டைத் தட்டில் கூர்முனை கீழாக 12 முதல் 24 மணி நேரம் ஓய்வு. அறை 25 டிகிரிக்குள் இருந்தால் முழு ஒரு நாள் விடலாம். அறையே 30 டிகிரிக்கு மேல் என்றால் நீண்ட ஓய்வு நல்லதைவிடக் கெடுதல் செய்யும். அப்போது ஈர மணல் நிரப்பிய தொட்டியில் மண்பானையைப் பதித்து, தட்டை அதற்குள் வைத்து ஈரத்துணியால் வாயைக் கட்டுங்கள். துணி முட்டையில் படக் கூடாது. அந்த நிலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போதும்.

அடைக்கோழி

கரண்ட் வேண்டாம், ஈரப்பதம் பார்க்க வேண்டாம், பொரித்த குஞ்சுக்குப் பல்பு கட்ட வேண்டாம். பருந்துக்கும் காக்கைக்கும் காவல் வேறு. சிறுவிடைக் கோழிக்கு இணையான அடைக்கோழி கிடையாது. தன் அளவு முட்டை பத்து, பன்னிரண்டு வரை நன்றாக மூடும்.

பார்சல் முட்டைக்கு அவளிடம் ஒரே ஒரு குறை. முட்டையை உருட்டுவாள். ஒரு நாளில் பல முறை அலகால் இழுத்து உள்ளிருப்பதை வெளியே, வெளியிலிருப்பதை உள்ளே என்று மாற்றிக்கொண்டே இருப்பாள், அதுவும் முட்டை படுக்கைவாக்கில் கிடக்க. காற்றறை உறுதியாக இருக்கும் முட்டைக்கு இதைவிட நல்ல திருப்பல் இல்லை. விளிம்பு வழுகும் முட்டைக்கு இது ஆகாது. எனவே முதல் கூட்டம் கோழிக்கு, இரண்டாவது கூட்டம் அடுத்துச் சொல்லும் தெர்மாகோல் பெட்டிக்கு.

இன்னொரு சிக்கல் நாள் பொருத்தம். பார்சல் வரும் நாளில் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்த கோழியைப் பொய்முட்டை வைத்து ஏழெட்டு நாள் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் காக்க வைத்தால் 21 நாளும் சேர்ந்து கோழி இளைத்துவிடும், சில கோழி நடுவில் எழுந்து போய்விடும். கடக்நாத் முட்டை வாங்கிவிட்டு வீட்டிலிருக்கும் கடக்நாத் பெட்டையை நம்பி இருப்பவர்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த, 2018இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகம் அடைக்கு உட்காருவதில் மோசம். கடக்நாத் முட்டைக்கும் சிறுவிடைதான் தாய்.

கூடையில் நான்கு விரல் உயரத்துக்கு மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் லேசான குழி. செள்ளும் பேனும் ஏறிய கோழி அடையில் நிலைக்காது, ஆகவே உட்கார வைப்பதற்கு முன் இறகுக்கடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பார்த்து மருந்து போட்டுவிடுங்கள். முட்டையை இருட்டிய பிறகு வையுங்கள். தினமும் ஒரு முறை கால் மணி நேரம் இறங்கித் தின்று, குடித்து, எச்சம் போட்டுவிட்டு ஏற வேண்டும். இறங்காத கோழியைக் கையால் இறக்கி விடுங்கள். இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. போட்டால் நஷ்டமில்லை. ஆனால் மழை நாளில் கூடை நனையாத இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பலன்.

தெர்மாகோல் பெட்டி

பார்சல் முட்டைக்கென்றே செய்ததுபோல் அமைவது இதுதான். பெட்டியும் நம் கையில், தட்டும் நம் கையில், திருப்புவதும் நம் கையில். இரண்டு அங்குலம் கனமுள்ள மீன்பெட்டி, 12 வோல்ட் அடாப்டர், வெப்பத்தைப் பார்த்துப் பல்பை அணைத்து எரிய வைக்கும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட், 80 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் விசிறி, 25 வாட் குண்டு பல்பு இரண்டு, தனியாக ஒரு ஈரப்பதமானி. இவ்வளவுதான் சாமான்.

பல்பு இரண்டு போடுவது ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்பதற்காக. நம் ஊரில் அறை 28, 30 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் ஏற்ற வேண்டியது எட்டு, பத்து டிகிரிதான். நூறு வாட் பல்பு போட்டால் அணைந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போகும், வெப்பம் ஊஞ்சலாடும். பல்புக்கும் முட்டைக்கும் நடுவே தகரத் தடுப்பு வையுங்கள். விசிறி பல்போடு சேர்ந்து நின்று ஓடக் கூடாது, தனி இணைப்பில் இடைவிடாமல் ஓட வேண்டும். கீழே நான்கு துளை, மேலே நான்கு துளை, சுண்டுவிரல் நுழையும் அளவு.

டபிள்யூ 1209ஐ வாங்கியபடியே மாட்டுபவர்கள் அதிகம், கெடுவதும் அங்கேதான். செட் பட்டனை அழுத்திப் பிடித்தால் பி0 முதல் பி6 வரை வரும். பி0 சூடாக்கும் நிலையில், அதாவது 'எச்' என்று இருக்க வேண்டும். பி1 என்பது அணைவதற்கும் மீண்டும் எரிவதற்கும் இடையிலான வித்தியாசம். கம்பெனியிலிருந்து வரும்போது அது 2 டிகிரி. அப்படியே விட்டால் 37.5க்கும் 35.5க்கும் நடுவே ஆடும். அதை 0.2க்குக் குறையுங்கள். பி4 சென்சாரின் பிழையைத் திருத்துவதற்கு. திருத்தக் கடையில் கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் நமக்கு வேண்டிய 37, 38 டிகிரிப் பகுதியில்தான் மிகத் துல்லியமானது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் சென்சார் முனையையும் தெர்மாமீட்டர் முனையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டும் காட்டும் வித்தியாசத்தைப் பி4இல் போடுங்கள்.

சென்சார் முட்டையின் மேல்மட்டத்தில், பல்பைப் பாராமல் தொங்க வேண்டும். விசிறி ஓடும் பெட்டிக்கு 37.5 டிகிரி, அதாவது 99.5 ஃபாரன்ஹீட். விசிறியில்லாத பெட்டி என்றால் முட்டை உச்சியில் 38.5 டிகிரி. விசிறியில்லாத பெட்டியைப் பார்சல் முட்டைக்கு வைக்க வேண்டாம், நிற்கும் முட்டையின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே வெப்பம் மாறும்.

தெர்மோஸ்டாட்டுக்குள் பல்பை அணைத்து எரிய வைக்கும் சுவிட்சுதான் ரிலே. மலிவு ரிலேயின் ஆபத்து, ஒட்டிக்கொள்வது. ரிலே ஒட்டினால் பல்பு அணையாது. குளிரைக் கரு ஓரளவு பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் போனால் அந்தத் தவணையே போச்சு. ஆகவே பல்பு வயரில் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடராக இணைத்து 38.3இல் அணையும்படி வையுங்கள். 230 வோல்ட் ஓடும் முனைகளை மூடிய டப்பாவுக்குள் வையுங்கள், தண்ணீர் வைக்கும் பெட்டி இது.

திருப்பும் விதம்: அட்டை முட்டைத் தட்டின் குழி அடிகளைக் காற்றுப் போகக் கத்தரித்துவிட்டு, முட்டையைக் கூர்முனை கீழாக நிறுத்துங்கள். முதல் மூன்று நாள் தொடவே வேண்டாம். நான்காம் நாளிலிருந்து தட்டின் ஒரு பக்கம் மரக்கட்டை வைத்து 40, 45 டிகிரி சாய்த்து, அடுத்த வேளை மறுபக்கம் சாய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் நீண்ட இரவில் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்காது. காற்றறை தேறட்டும் என்று ஏழெட்டு நாள் திருப்பாமலே விடுகிறார்கள் சிலர். அது தப்பு. முதல் வாரத்தில்தான் திருப்பல் மிக அவசியம், விட்டால் கரு சவ்வோடு ஒட்டிவிடும். மூன்று நாள், மிக மோசமான காற்றறைக்கு நான்கு நாள், அதற்கு மேல் சலுகை இல்லை.

பெட்டியின் பலவீனம் ஆள்தான். வேலைக்குப் போகும் வீட்டில் மதிய வேளைத் திருப்பல் தவறிக்கொண்டே இருக்கும். தெர்மாகோலைச் சுத்தமாகக் கிருமிநீக்கம் செய்வதும் கடினம். இரண்டு மூன்று தவணைக்கு மேல் அதே பெட்டியை நம்பாதீர்கள்.

தானியங்கி மெஷின்

சந்தையில் உள்ள சின்ன மெஷின்களைத் திருப்பும் முறையை வைத்துப் பிரித்தால் போதும். உருளை அல்லது நகரும் சட்டம் உள்ளவற்றில் முட்டை படுத்துக் கிடந்து உருளும். மற்றவற்றில் முட்டை தட்டில் நிற்க, தட்டே இரு பக்கமும் சாயும். புது முட்டைக்கு இரண்டும் ஒன்றுதான். பார்சல் முட்டைக்கு இரண்டாவது வகை மட்டும்தான். முதல் வகை விலை குறைவு, அதனாலேயே பலர் வீட்டில் இருக்கிறது. அதுதான் இருக்கிறது என்றால் உருளைச் சட்டத்தை வெளியே எடுத்துவிட்டு, கத்தரித்த அட்டைத் தட்டை உள்ளே வைத்து, மேலே சொன்னபடி கையாலேயே சாயுங்கள். மூடியின் உயரம் நிற்கும் முட்டைக்குப் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவிடை முட்டை 40 கிராம் அளவுதான் இருக்கும், பெரிய பண்ணை முட்டைக்கு வைத்த உருளை இடைவெளியில் அது சரியாகத் திரும்புவதும் இல்லை.

சாயும் தட்டு மெஷின் என்றால் முதல் மூன்று நாள் திருப்பும் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். அப்படிக் கழற்ற வழி இல்லாத மெஷினை வாங்காதீர்கள். திரையில் காட்டும் வெப்பத்தை நம்பாமல் காய்ச்சல் தெர்மாமீட்டரால் சரிபாருங்கள், அரை டிகிரி தவறு காட்டும் மெஷின் நிறைய உண்டு.

மெஷினின் உண்மையான லாபம் கரண்ட் போகும்போது தெரியும். பல மாடல்களில் 12 வோல்ட் பேட்டரி இணைப்பும் இருக்கிறது. 7 ஆம்பியர்-மணி பேட்டரி, சராசரி 30 வாட் இழுக்கும் மெஷினை இரண்டு மணி நேரம் போல ஓட்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். முதல் பத்து நாளில் மூன்று நான்கு மணி நேரம் கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் விட்டுவிடுவதே சரி, பொரிப்பு சில மணி தள்ளிப்போகும், அவ்வளவுதான். 15 நாளைத் தாண்டிய முட்டை தானே சூடு தரும், மூச்சும் விடும். விசிறி நின்றுவிட்டால் அப்போது காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்கள்.

கோடையில் பெட்டிக்கும் மெஷினுக்கும் ஒரே கதி. இரண்டிலும் சூடாக்கத்தான் ஏற்பாடு, குளிர்விக்க இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் அறையே 39 டிகிரி என்றால் தெர்மோஸ்டாட் அணைந்து கிடக்க முட்டை வேகும்.

நீர் வைப்பதா, வேண்டாமா

எல்லாக் குறிப்பிலும் "ஈரப்பதம் 50 முதல் 55" என்று இருக்கிறதே என்று முதல் நாளிலிருந்தே கிண்ணம் நிறையத் தண்ணீர் வைப்பதால் சாகும் குஞ்சு கொஞ்சநஞ்சமல்ல. காற்று சூடேறும்போது அதன் ஈரப்பத விகிதம் குறையும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அறைக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் 37.5க்கு ஏறினால் ஏறத்தாழ 46 சதவீதம் ஆகும். தண்ணீரே வேண்டாம். கோயம்புத்தூர்ப் பக்கம் பங்குனி மதியத்தில் 36 டிகிரி, 30 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 28க்கு இறங்கிவிடும். அங்கே கிண்ணம் வேண்டும். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதை ஒரே எண்ணில் அடக்க முடியாது.

பார்சல் முட்டைக்கு முதல் 18 நாள் 40 முதல் 45 சதவீதம் வைப்பது நல்லது. நீர் தேங்கிய முட்டையில் வழுகும் காற்றறை கடைசி வரை வழுகிக்கொண்டே இருக்கும். ஈரப்பதமானியை நம்புவதற்கு முன், ஒரு மூடி உப்பைச் சில சொட்டுத் தண்ணீரால் நனைத்து, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத கவரில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். கூடக் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கழித்தும், குறையக் காட்டினால் கூட்டியும் படியுங்கள்.

இதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. 18ஆம் நாளுக்குள் முட்டை எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும். பத்து முட்டை சேர்ந்து 400 கிராம் என்றால், ஏழாம் நாள் 381, பதினான்காம் நாள் 363, பதினெட்டாம் நாள் 352 கிராம் பக்கம் இருக்க வேண்டும். அதைவிடக் கனமாக இருந்தால் தண்ணீரை எடுங்கள், லேசாக இருந்தால் வையுங்கள். நடுவில் எடுத்துப் போட்ட முட்டையின் எடையைக் கணக்கிலிருந்து கழிக்க மறக்க வேண்டாம். பாத்திரத்தின் ஆழத்தால் ஈரப்பதம் கூடாது, பரப்பால்தான் கூடும். 18ஆம் நாளுக்குப் பிறகு 65, 70 தேவைப்படும்போது அகலத் தட்டில் ஈரத்துணி விரித்து வைத்தால் சட்டென்று ஏறும்.

அன்றோடு திருப்பல் நிறுத்தம். உறுதியான முட்டையைப் படுக்க வைக்கலாம். காற்றறை வழுகிய முட்டையைத் தட்டில் நின்றபடியே பொரிய விடுங்கள். ஓட்டில் முதல் கீறல் விழுந்ததிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். பார்சல் முட்டை 22ஆம் நாள் வரையும் இழுக்கும். நடுவில் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கும்.

கூலிக்குப் பொரிப்பதும், குஞ்சாக வாங்குவதும்

பொரிப்பகத்தில் முட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பொரித்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கொடுக்க வேண்டும். அங்கே முட்டை நின்ற நிலையில் சாய்வது பார்சல் முட்டைக்குப் பொருத்தம்தான். ஆனால் ஏற்றிய முதல் மணியிலிருந்தே தட்டு சாயும், உங்கள் முப்பது முட்டைக்காக யாரும் மோட்டாரை நிறுத்தமாட்டார்கள். மைக்கோபிளாஸ்மா, சால்மோனெல்லா ஆகிய நோய்க்கிருமிகள் முட்டை வழியே வரும் என்பதால் வெளி முட்டையை வாங்காத பொரிப்பகமும் உண்டு, அது நியாயமும்கூட. நூறு முட்டைக்கு மேல், எல்லாம் உறுதியான காற்றறை, வண்டி ஓட்டிப் போகும் தூரத்தில் பொரிப்பகம் என்றால் யோசிக்கலாம்.

முட்டையா, ஒருநாள் குஞ்சா என்ற கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை 40 ரூபாய், முப்பது முட்டை 1,200, பேக்கிங்கும் பார்சலும் 300 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,500. பாதி பொரித்தால் குஞ்சு நூறு ரூபாய். பத்துதான் பொரித்தது என்றால் 150. கரண்டும் பெட்டியும் கணக்கில் இல்லை. அதே ரகத்தின் குஞ்சு அந்த விலைக்குள் கிடைத்தால் குஞ்சை வாங்குவதே புத்திசாலித்தனம். மாரெக்ஸ் என்னும் கோழிநோய்க்கான தடுப்பூசி பொரித்த முதல் நாளே போட வேண்டியது. அதன் குப்பி பெரிய எண்ணிக்கைக்கானது, பத்துக் குஞ்சுக்காக யாரும் உடைக்கமாட்டார்கள். பொரிப்பகக் குஞ்சு அதைப் போட்டுக்கொண்டே வரலாம், கேட்டு வாங்குங்கள். வீட்டில் பொரித்த குஞ்சுக்கு ஏழாம் நாளையொட்டி வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தைத் தவற விடாதீர்கள்.

எங்கள் தேர்வு

பன்னிரண்டு முட்டைக்குள், உறுதியான காற்றறை, வீட்டில் சிறுவிடை அடைக்கு உட்கார்ந்திருக்கிறது: கோழிதான், வேறு யோசனையே வேண்டாம். காற்றறை வழுகும் முட்டை எத்தனை இருந்தாலும் பெட்டி அல்லது சாயும் தட்டு மெஷின். பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்குப் பெட்டி, இல்லாத வீட்டுக்கு மெஷின். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வரவழைப்பவர் மெஷினில் பணம் போட வேண்டியதில்லை.

கோழியும் பெட்டியும் இரண்டும் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது. ஒரே நாளில் கோழிக்கு உறுதியான முட்டை, பெட்டிக்கு வழுகும் முட்டை. 21, 22ஆம் நாள் பெட்டியில் பொரித்த குஞ்சு நன்றாக உலர்ந்ததும், அன்றிரவே இருட்டில் கோழிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளி விடுங்கள். விடிந்தால் எல்லாம் அவள் குஞ்சுதான். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் கொத்தி விரட்டுவாள்.

பொரிக்காத முட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன், வீட்டுக்கு வெளியே வைத்து உடைத்துப் பாருங்கள். ஏழு நாளுக்குள் கரு செத்துப்போனதைக் காட்டும் ரத்த வளையம் நிறைய முட்டையில் இருந்தால் பயணத்தின் சூடோ முட்டையின் வயதோ காரணம். முழுக்க வளர்ந்து, வழவழப்பான நீரோடு செத்த குஞ்சு என்றால் 18 நாளும் ஈரப்பதம் கூடுதல். சவ்வு காய்ந்து இறகோடு ஒட்டியிருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை, அல்லது மூடியைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறோம். தலை கூர்முனைப் பக்கம் இருந்தால் முட்டை தட்டில் தலைகீழாக நின்றிருக்கிறது. சிறுவிடை முட்டையில் இரண்டு முனையும் கிட்டத்தட்ட ஒரே உருண்டையாக இருப்பது சகஜம், ஆகவே தட்டில் அடுக்கும்போது அகன்ற முனை எது என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாமல் டார்ச் அடித்துக் காற்றறையைப் பார்த்து அடுக்குங்கள்.